பதினைந்தாம் சுற்றின் மணி

சின்னவள் பெரியவளுக்கு ஏழாயிரம் கடன்பட்டிருந்தாள்.

பெரியவள் அவள் கூடப்பிறந்த அக்கா. சலவைக்கடையில் ஆறு வருஷம் இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டிச் சேர்த்த பணம். இருவரும் குடியிருந்த கீழ் அறையில் மழை பெய்தால் தண்ணீர் கட்டில் காலைத் தொடும். மாடியில் உலர்ந்த அறை ஒன்று காலியாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரத்துக்குள் முன்பணம் கட்டாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும்.

பந்தய வண்டி வாங்க அந்தப் பணத்தைத்தான் சின்னவள் கேட்டாள். "அன்னைக்குக் காலையிலதான் சைக்கிள் பந்தயம். முதல் பரிசு பத்தாயிரம். அப்பவே உன் கையில எண்ணி வைக்கிறேன்க்கா."

"ஜெயிக்கலைன்னா?"

"வண்டிய வித்தாவது தர்றேன்."

"வாய் மட்டும் முழம் முழமா நீளுது உனக்கு," என்றபடி பெரியவள் பணப்பெட்டியைத் திறந்தாள்.

சின்னவளுக்கு அப்போது பதினேழு. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி; கால்கள்தான் பெரிய படிப்புப் படித்தவை. ரொட்டிக்கடையின் இரும்புச் சைக்கிளில் நாற்பது கிலோ பாரத்தோடு மேட்டுத்தெருவை இறங்காமல் மிதித்து ஏறுவாள். மீசை வைத்தவர்களே இறங்கித் தள்ளுகிற மேடு அது. சும்மா சொல்லவில்லை, பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இன்று மூன்று சைக்கிள் கடைக்கு அவள் முதலாளி, ஒருத்தரும் தூக்கிவிட்டதில்லை.

பழைய வண்டி விற்பவரிடம் ஒன்பதாயிரத்துக்குப் பந்தய சைக்கிள் கிடைத்தது. சொந்தக் காசு இரண்டாயிரம், மீதி அக்காவுடையது.

"ஃபிரேம் சுமார்தான் பாப்பா. சக்கரம்தான் சரக்கு," என்றார் அவர்.

மைதானத்தைச் சுற்றி இருபது சுற்று. பதினெட்டுப் பெண்கள். சின்னவள் அதுவரை பார்த்தது ஒரே ஒரு பந்தயம். அதில் கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தார்கள். மணி என்றால் கடைசிச் சுற்று என்று அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "பதினைந்தாம் சுற்றுக்கும் மணி அடிப்போம், அதில் முந்துகிறவருக்கு இரண்டாயிரம் தனிப்பரிசு" என்று ஒலிபெருக்கி சொன்னபோது, முதுகில் எண் துணி குத்திக்கொண்டிருந்த அக்காவிடம், "ஊக்க என் சதையிலயா குத்துற?" என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

பந்தயம் தொடங்கியது. எதிர்க்காற்று படாமல் நாலு பேருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, மூச்சைச் சேமித்து, ஒழுங்காகத்தான் ஓட்டினாள். சுற்றை எண்ணவில்லை. பலகையில் ஆறு பாக்கி என்று எழுதியிருந்ததைத் தலை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

மணி அடித்தது.

சின்னவள் எழுந்து நின்று மிதித்தாள். முன்னால் போனவர்களை முழுங்கிக்கொண்டு, ஐந்து வண்டி நீள வித்தியாசத்தில் கோட்டைத் தாண்டினாள். இரண்டு கையையும் தூக்கினாள். ஓரமாக வந்து ஒரு காலைத் தரையில் ஊன்றிச் சிரித்தாள். மற்ற பதினேழு பேரும் சர்ரென்று அவளைக் கடந்து போனார்கள்.

"ஏண்டி நின்னுட்ட? போடி!" கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து பெரியவள் தொண்டை கிழியக் கத்தினாள். "இன்னும் அஞ்சு சுத்து இருக்குடி!"

சின்னவள் அப்போதுதான் பலகையைப் பார்த்தாள். மறுபடி ஏறி மிதித்தாள். ஒண்டிக்கொள்ள முதுகு இல்லை. காற்று முழுவதும் அவளுக்கே. அப்படியும் ஏழு பேரைப் பிடித்தாள். வேறு யாராவது பிடித்துக் காட்டட்டும்! ஆனால் பதினோராம் இடத்துக்குப் பரிசு கிடையாது.

தனிப்பரிசு இரண்டாயிரத்தைப் பரிசு மேசையில் இருந்தவர் நீட்டினார். "நின்னு ஜெயிச்ச பொண்ணு நீதானா?" பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நேராகப் பழைய வண்டி விற்பவரிடம் போனாள்.

"அண்ணே, ரெண்டு சக்கரத்தையும் எடுத்துக்கிட்டு அஞ்சாயிரம் கொடுங்க."

"அப்புறம் எதுல ஓட்டுவ?"

"அது என் பாடு. கழட்டுங்க."

மூட்டையும் முடிச்சுமாக மாடிப்படியடியில் காத்திருந்தாள் பெரியவள். ஃபிரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு, சங்கிலி மை சட்டையெல்லாம் அப்பியிருக்க, சின்னவள் வந்தாள்.

"சக்கரம் எங்கடி?"

"கைய நீட்டு."

"எங்கடின்னு கேக்கிறேன்."

"கைய நீட்டுக்கா முதல்ல."

பெரியவள் நீட்டினாள். உள்ளங்கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட பழைய தழும்பு. சின்னவள் அதன்மேல் ஆயிரம் ஆயிரமாக, வாய்விட்டு எண்ணி வைத்தாள். நாலாவதில் குரல் உடைந்தது. நிறுத்தவில்லை. ஏழாவதை வைக்கும்வரை அந்தக் கையும் மூடவில்லை.