கார்டின் ஐந்தாம் வரி

எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு அன்றும் கூச்சம் இருந்ததில்லை, இன்றும் இல்லை. யுத்த காலத்தில் அரிசிக்கு ரேஷன் வந்தபோது, தாராவியில் வரிசையாய் ஒற்றை அறை வீடுகள் கொண்ட எங்கள் சாலுக்குக் கணக்கெடுக்க வந்த குமாஸ்தாவின் நாக்கில் திருநெல்வேலிப் பெயர்கள் படியவில்லை. பள்ளியில் அப்போதுதான் இங்கிலீஷ் எழுத்துக் கற்றிருந்த நான், "நான் எழுதுகிறேன்" என்று இந்தியில் சொல்லி முன்னால் போய் நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே பேனாவைக் கொடுத்தார். அப்பா, அம்மா, நான், தங்கை, ஐந்தாம் வரியில் இரண்டு வயதுத் தம்பி. சால் முழுவதும் எங்கள் அறை வாசலில் நின்று பார்த்தது. மை காயும்வரை அப்பா அந்தக் கார்டை யாரையும் தொடவிடவில்லை.

அந்த மழைக்காலத்திலேயே தம்பி மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். அவனுக்கு ஞானஸ்நானம்கூட ஆகியிருக்கவில்லை. மாமா ஊரிலிருந்து வந்து ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று அம்மா காத்திருந்தாள். ரயிலில் பட்டாளத்துக்குத்தான் இடமிருந்தது. அப்பாவும் அவரோடு தோல் கிட்டங்கியில் வேலை செய்த இருவரும் மழையில் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கார்டில் பெயர் அப்படியே இருந்தது. சின்னப் பிள்ளைக்கு உண்டான பங்கு அரிசியும் வந்துகொண்டிருந்தது. அம்மா ஒருமுறை கேட்டபோது அப்பா, "நம்ம சால்ல ரேஷன் வாங்குத செத்தவனையெல்லாம் சேத்தா ஒரு பட்டாளமே எறக்கலாம். நீ சும்மா கெட" என்று முடித்துவிட்டார்.

அம்மா சும்மா இருக்கவில்லை. எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று கலயத்தில் எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோவிலில் கொண்டுபோய்க் கொட்டுவோம். ரேஷன் வந்த பிறகு எல்லார் வீட்டுப் பிடியும் சிறுத்துப்போனது. எங்கள் கலயம் மட்டும் நிறைந்து வந்தது. தம்பியின் பங்கைத் தனியாக அளந்து, ஒரு மணி குறையாமல் அம்மா அதில் கொட்டிவிடுவாள். "இது நம்ம வயித்துக்குள்ள போவக் கூடாதுட்டி" என்பாள். கலயத்தைச் சுமந்துகொண்டு கோவிலுக்குள் நுழைகிறவள் நான். பஞ்சத்திலும் கை சுருங்காத குடும்பம் என்று உபதேசியார் எல்லார் முன்னிலையிலும் எங்களைப் பாராட்டினார். நான் கழுத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி நடந்தேன்.

ஆனால் அம்மா நற்கருணைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். எல்லாரும் எழுந்து பீடத்தண்டை போகும்போது பாயில் தலை குனிந்தபடி இருந்துவிடுவாள். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதைக் கவனித்து எனக்கு முகம் சுட்டது.

நற்கருணைக்கு முந்தின சனிக்கிழமை, பங்குபெறுகிறவர்களின் பெயரை எழுத உபதேசியார் வீடு வீடாக வருவார். அப்படி ஒரு சனிக்கிழமை மாலை வந்தார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரு எழுதிக்கிடவா?" என்றார்.

"என் பேர எழுதாதீங்கய்யா." அம்மா திரும்பவில்லை.

"இது மூணாந்தடவ, தாயி. யாரு மேலயும் கோவமா? மாமியாகூட ஊர்லதான இருக்காவ, சண்டைக்கு யாருமில்லையே" என்று சிரித்தார்.

அம்மா மறுபடியும் அடுப்பை ஊதினாள். பத்துக் கட்டளைகளையும் மூச்சு விடாமல் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவள் நான். எனக்குத் தெரிந்த பதிலை வைத்துக்கொண்டு சும்மா இருந்து பழக்கமில்லை.

"ரேஷன் கார்டுல தம்பி பேரு இன்னும் இருக்குய்யா. அந்த அரிசிதான் கலயத்துல" என்றேன்.

அப்பாவின் கை ஓங்கியது. உபதேசியார் குறுக்கே வந்ததால் விழவில்லை. அவர் கலயத்தை எடுத்து வந்து அம்மாவின் பக்கத்தில் வைத்தார்.

"இத ஆண்டவர் கேக்கல, தாயி" என்றார். யார் பெயரையும் எழுதாமல் நோட்டை மூடினார்.

அவர் போனதும் அப்பா கத்தினார். "போயிச் சொன்னா உள்ள தள்ளிருவான். பிள்ளைகள யாரு பாப்பா? நீ செயில்ல இருந்துக்கிட்டு செபம் பண்ணுவியா?"

"தள்ளட்டும்" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை காலை என்னையும் கூட்டிக்கொண்டு ரேஷன் ஆபீசுக்குப் போனாள். இந்தி பேச ஆள் வேண்டுமே. வரிசையில் நிற்கும்போது கார்டைப் பிரித்து, ஐந்தாம் வரியில் கட்டைவிரலை வைத்து மெல்லத் தடவினாள். வீட்டிலும் பல தடவை அப்படிச் செய்வாள். படிக்க ஆசை போலிருக்கிறது என்று நினைத்து, "உங்க பேரு ரெண்டாவது வரிம்மா, இங்க" என்று ஒருமுறை காட்டிக்கொடுத்தேன். தலையாட்டிவிட்டு விரலைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனாள்.

எங்கள் முறை வந்தது. அம்மா சொல்லச் சொல்ல நான் இந்தியில் சொன்னேன். தம்பி இறந்துவிட்டான், சொல்லாமல் அரிசி வாங்கிவிட்டோம், தண்டனை எதுவானாலும் சரி. குமாஸ்தா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். செத்தவனைச் சொல்ல வந்த முதல் ஆட்கள் இவர்கள்தான் என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லிச் சிரித்தார். தண்டனை ஒன்றும் இல்லை. புதுக் கார்டில் நான்கு பெயர்களைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டு, பழைய கார்டை மேஜை மேல் நின்ற கம்பியில் குத்தினார்.

அம்மா நகரவில்லை.

"ஏட்டி, அந்தப் பழசக் குடுப்பாவளான்னு கேளு."

"அது எதுக்கும்மா?"

"கேளேன்."

பின்னால் வரிசையில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அவள் அப்பாவோடு நின்றிருந்தாள். மாட்டுங்காவில் ஆபீஸ் உத்தியோகக் குடும்பம், இஸ்திரி போட்ட கவுன். அவள் காதுபட, ஒரு பழைய காகிதத்துக்குக் கையேந்த எனக்கு மனம் வரவில்லை. குமாஸ்தாவைப் பார்த்து, "ஹோ கயா?" என்றேன். முடிந்தது, போ என்று அவர் கையை வீசினார்.

"தரமாட்டாவளாம்மா" என்றேன்.

அம்மா அந்தக் கம்பியையே பார்த்தாள். "நல்லாக் கேட்டியா?"

"கேட்டேம்மா."

படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் நம்பி நடந்தாள்.

அடுத்த நற்கருணை ஞாயிற்றில் அம்மா எல்லாருக்கும் முன்னால் எழுந்து போய் முழங்காலிட்டாள். கலயத்தில் அந்த வாரம் அடிமட்டத்துக்குத்தான் அரிசி இருந்தது. எங்கள் வீட்டுப் பாவம் தீர்ந்தது என்று நான் நிம்மதியாகப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தீர்த்துவைத்தவளே நான்தான் என்ற நினைப்பும் இருந்தது.

போன வருடம் எனக்குத் திடப்படுத்தல் ஆயிற்று, அதன்பின் நானும் நற்கருணை வாங்கலாம். என் எழுத்து அழகு என்பதால், ஈரம் பட்டு நைந்த சபைப் பதிவேட்டைப் பிரதி எடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள். அந்த மழைக்காலத்துப் பக்கங்களை வரி வரியாகத் தேடினேன். ஞானஸ்நானத்தில் தம்பி இல்லை. அடக்கத்திலும் இல்லை. ஆகாத ஞானஸ்நானத்தையும், அது ஆகாதவனின் அடக்கத்தையும் யார் எழுதுவார்கள்? சால் அறையில் பிறந்தவனுக்கு முனிசிபாலிட்டியிலும் காகிதம் கிடையாது. அவன் பெயர் இந்த உலகத்தில் எழுதப்பட்டிருந்தது ஒரே ஓர் இடத்தில், என் கையெழுத்தில். அம்மா அரிசியைத் திருப்பிக் கொடுக்க என்றைக்கோ தயாராக இருந்தாள். அவளால் கொடுக்க முடியாமல் இருந்தது அந்த வரியைத்தான். கடைசியில் அதையும் கொடுத்தாள்.

நான் அன்று கேட்கவே இல்லை என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. சனிக்கிழமை உபதேசியார் பெயர் எழுத வருகிறார். "உன் பேரச் சொல்லாம அங்க என்னட்டி பண்ணுத?" என்று அம்மா கேட்கிறாள். நான் நன்றாக எரிகிற அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறேன்.