காப்பு அவிழாத ரதி

அழகர் செத்து வெகு காலமாகிவிட்டது. ஆனாலும் நமுனுகுல மலையடிவாரத்துத் தோட்டங்களில் மாசி மாதம் எவனாவது சேலை கட்டி ரதி வேஷத்தில் வந்து நின்றால், கூட்டத்தில் இருக்கிற கிழடுகள் உதட்டைப் பிதுக்குவார்கள். "இதெல்லாம் ஒரு ரதியா? அழகர் அழுதான்னா மலையில நிக்கிற தேயிலையும் சேந்து அழுவுமே" என்பார்கள். அவன் ஏன் அப்படி அழுதான் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கூத்து அவர்களுக்கு அத்தனை ருசித்திருக்காது.

திருச்சிப் பக்கத்திலிருந்து தாயின் இடுப்பில் ஏறி மலைநாட்டுக்கு வந்தவன் அவன். வளர்ந்து ஆளாகி, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற கூட்டத்தில் வேலை செய்தான். ஒல்லியான உடம்பு, நீண்ட முகம், நெகிழ்ந்த குரல். அந்தக் குரலைக் கண்டுபிடித்தவர் இராமையா கங்காணி. தோட்டத்து ஆட்களை வேலை வாங்குவது போலவே வருஷா வருஷம் காமன் கூத்தை நடத்துவதும் அவர் பொறுப்புதான். சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் நெற்றிக்கண் நெருப்பில் எரிந்து சாம்பலாகிறான். அவன் பெண்டாட்டி ரதி அழுது புரண்டு அவனை மீட்கிறாள். கதை இவ்வளவுதான். ஆனால் வருஷம் முழுக்க மழையிலும் அட்டைக்கடியிலும் கிடக்கிற சனங்களுக்கு அதைவிட்டால் வேறு திருவிழா ஏது?

அழகர் ரதி. அவன் குடியிருந்த அதே லயத்து வீட்டு வரிசையில் இருந்த நல்லையா காமன். இருவருக்கும் மாமன் மச்சான் முறை. நல்லையாவின் தங்கை அங்கம்மாவைத்தான் அழகருக்குப் பேசி வைத்திருந்தார்கள். அண்ணன் தங்கை இருவரின் தாய் பெரியாயி, "கூத்து முடியட்டும், வைகாசியில தாலியக் கட்டிப்புடலாம்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். நல்லையா சும்மா இருப்பானா? கூத்தில் ரதிக்குத் தாலி கட்டுகிறபோது காதோரம் குனிந்து, "மாப்ள, அண்ணனும் தங்கச்சியும் ஒன்னைய விடுறதா இல்லடா" என்று சீண்டுவான். அழகர் வெட்கப்படுவான். ரதிதான் வெட்கப்படுகிறாள் என்று சனங்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இந்தக் கூத்து விளையாட்டுக் காரியமில்லை. கம்பம் நடுகிற அன்று காமனுக்கும் ரதிக்கும் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிவிடுவார்கள். அந்தக் காப்பு கையில் இருக்கிறவரை கவிச்சி தொடக் கூடாது, பெண்ணைத் தொடக் கூடாது, தோட்டத்து எல்லையில் ஓடுகிற ஆற்றைத் தாண்டக் கூடாது. பௌர்ணமியன்று காமன் எரிந்ததாக ஆனதும் அவனை லயத்தின் கோடியில் இருந்த காம்பரா அறைக்குள் படுக்கவிட்டு, ஒரு பானைத் தண்ணீரும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்து, வெளியே நாதாங்கியைப் போட்டுவிடுவார்கள். அவன் செத்தவன். செத்தவன் கூப்பிட்டால் யாரும் பதில் சொல்லக் கூடாது, கதவைத் தொடவும் கூடாது. தொட்டால் காமன் எழமாட்டான். தோட்டத்தில் பிள்ளை தங்காது, கொழுந்து கருகும். வெள்ளைச் சேலை கட்டிய ரதி தாலியறுத்தவளாக அந்த வாசலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் விடியலில் கதவைத் திறந்து காமனை எழுப்புவார்கள். எழுந்த காமன் தன் கையாலேயே ரதியின் காப்பை அவிழ்ப்பான். அவன் அவிழ்த்தால்தான் அது அவிழ்ந்த கணக்கு.

அந்த வருஷம் கூத்து தொடங்கும்போதே நல்லையாவுக்குச் சளி. எரிகிற இரவில் வெற்று மார்போடு பனியில் ஆடினான். மறுநாள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். வாசலில் அழகர் மட்டும் உட்கார்ந்திருந்தான். உச்சிப்பொழுதில் உள்ளே இருமல் கேட்டது. அப்புறம் குரல் வந்தது.

"மாப்ள. மூச்சு முட்டுது மாப்ள. கதவத் தொற."

அழகர் சிரித்துக்கொண்டான். முந்தின வருஷம் இதே கதவுக்குப் பின்னாலிருந்து, "மாப்ள, ஒரு வாய் வெத்தல குடு, சாமிக்குத் தெரியாது" என்று விரதத்தைக் கெடுக்கப் பார்த்த ஆள்தானே இவன்? பதில் சொல்லிவிட்டால் காலம் பூராவும் அதைச் சொல்லிச் சொல்லியே மானத்தை வாங்குவான். அழகர் முக்காட்டை இழுத்துக் காதை மூடிக்கொண்டான். குரல் இன்னும் கொஞ்ச நேரம் கூப்பிட்டது. பிறகு ஓய்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் தப்பு முழங்கக் கதவைத் திறந்தார்கள். நல்லையா கதவடியில் குப்புறக் கிடந்தான். உடம்பு விறைத்துப் போயிருந்தது.

அலறல் அடங்கிய பிறகு அங்கம்மா வீங்கிய முகத்தோடு அவனிடம் வந்தாள். "வாசல்லயே இருந்தீங்களே மச்சான். அண்ணன் ஒண்ணும் கூப்புடலையா?"

"இல்ல புள்ள. சத்தமே கேக்கல."

வாயிலிருந்து வந்தது வந்ததுதான். அதை அவனால் திரும்ப விழுங்க முடியவில்லை. அவளும் அதை நம்பினாள்.

அன்றிலிருந்து காப்பு அவன் கையில் நின்றுபோயிற்று. அவிழ்க்க வேண்டிய காமன் எழவில்லையே, யார் அவிழ்ப்பது? இராமையா கங்காணி பெரியவர்களைக் கூட்டிப் பேசினார். "அடுத்த மாசியில புதுக் காமன் வந்து எந்திரிச்சு அவுத்துவிடுவான். அதுவரைக்கும் பொறுத்துக்கடா. சாமி காரியம்" என்றார். பெரியாயியும் மகனைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சலோடு சொல்லிவிட்டாள்: "காப்போட இருக்கிறவனுக்கு எம்பொண்ணக் குடுக்க மாட்டேன். அவுத்துட்டு வரட்டும்."

அடுத்த மாசி வந்தது. காமன் வேஷம் கட்ட ஒருத்தனும் வரவில்லை. போன காமன் என்ன ஆனான் என்று ஊருக்கே தெரியும். எந்தத் தாய் தன் மகனை அந்தக் காம்பராவுக்குள் அனுப்புவாள்? கடைசியில் வைக்கோலில் ஒரு காமனைக் கட்டி நிறுத்தினார்கள். அழகர் வைக்கோலுக்கு மாலை போட்டான், வைக்கோல் எரிந்தபோது அழுதான். வைக்கோல் எங்கே எழுந்து காப்பை அவிழ்க்கப் போகிறது? இற்றுப்போன கயிற்றின் மேலேயே புதுக்கயிறு கட்டினார்கள். அதற்கடுத்த மாசியும் வைக்கோல்தான்.

இதில் ஒரு கொடுமை இருந்தது. நல்லையா இருந்தபோது அழகர் நடித்தான். இப்போது அவன் நடிக்கவில்லை. எரிகிற வைக்கோலைப் பார்த்ததும் தொண்டை தானாக உடைந்தது. அந்த ஒப்பாரியைக் கேட்கக் கொஸ்லந்தையிலிருந்தெல்லாம் சனங்கள் மலையேறி வந்தார்கள். அவன் அழ அழ அவன் பேர் பெரிதாயிற்று. பேர் பெரிதாக ஆக, கங்காணிக்கு அவனை விடுவிக்கிற அவசரம் குறைந்தது. "காமன் கெடைக்க மாட்டேங்கிறானே" என்று கையை விரிப்பார். தேடினாரா என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம்.

காலையில் பெரட்டுக்குப் போய் ஆட்களோடு வரிசையில் நின்றால், "ரதி வந்தாச்சா?" என்று கேட்டுப் பேர் பதிந்தார்கள். பிள்ளையில்லாத பெண்கள் அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஆண்கள் சீட்டாட்டத்துக்கு அவனைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவன் பக்கத்தில் வந்தாலே கெட்ட பேச்சை நிறுத்திக்கொண்டு பீடியை மறைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பதுளைக் கடைத்தெருவுக்குப் போகிறபோது அவன் ஆற்றங்கரை வரை கூடவே நடப்பான். அவர்கள் கல் தாண்டி அக்கரை ஏறுவார்கள். அவன் இக்கரையில் நின்று பார்த்துவிட்டு லயத்துக்குத் திரும்புவான். முழங்கால் ஆழம்கூட இல்லாத ஆறு அது.

ஒரு நாள் பதுளையிலிருந்து றஹீம் முதலாளி வந்தார். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர்; நாடகத்தில் கொண்ட பைத்தியத்தால் ஒரு தகரக் கொட்டகையும் போட்டிருந்தார். அழகரின் அழுகையைக் கேட்டுவிட்டு ஆளையே கொண்டுபோக வந்திருந்தார்.

"தம்பி, நம்ம கொட்டகைக்கு வந்துடுங்க. அல்லாஹ் உங்களுக்குக் குடுத்த தொண்டைய இந்தக் காட்டுக்குள்ள வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?"

அழகர் மணிக்கட்டைக் காட்டினான்.

"இது கயிறுதானே? ஒரு கத்தி போதுமே."

"கத்தி எங்கிட்டயும் இருக்குங்க முதலாளி. தெனமும் அதாலதான் கவ்வாத்து வெட்டுறேன்."

றஹீம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. மறு வருஷமும் ஒரு தரம் வந்து கேட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு வரவில்லை.

அங்கம்மா மட்டும் காத்திருந்தாள். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் ஏதாவது குறை சொல்லித் தட்டிக் கழித்தாள். மலையில் கொழுந்துக் கூடையோடு எதிர்ப்பட்டால், தொடாத தூரத்தில் நின்று, "சாப்புட்டீங்களா மச்சான்?" என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விதான் அவனை ஆம்பளையாக நினைத்துக் கேட்கப்பட்ட கேள்வி. அதற்காகவே அவன் சுற்றுவழியில் வேலைக்குப் போவான்.

பெரியாயிக்கும் வயதாகிக்கொண்டே போயிற்று. "இந்த மாசிதான் கடைசி. இதுலயும் காப்பு அவுழலன்னா கொஸ்லந்தை மாப்பிள்ளைக்குத்தான் இவ" என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். அழகருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லயம் லயமாகப் போய், காமன் கட்டச் சொல்லி ஆம்பளைகள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். கடைசியில் ஒப்புக்கொண்டவன் ஒண்டிமுத்து, முசிறிப் பக்கமிருந்து புதிதாக வந்தவன். பனைமரத்துக்குக் கைகால் முளைத்த மாதிரி ஆள். போன காமன் காம்பராவுக்குள் செத்துக் கிடந்ததை அழகரே ஒளிக்காமல் அவனுக்குச் சொன்னான். கேட்டுவிட்டு ஒண்டிமுத்து வாய்விட்டுச் சிரித்தான்.

"எனக்குக் காச்சலும் வராது, மண்ணாங்கட்டியும் வராது அண்ணே. மூணு நாளு வேல இல்லாமப் படுத்துக் கெடக்கலாம்ல? எனக்கு அது போதும்."

கூத்து நன்றாக நடந்தது. ஒண்டிமுத்துவுக்குப் பாட்டு வராது. ஆனாலும் உயிரோடு ஒரு காமனைப் பார்த்ததில் சனங்களுக்குச் சந்தோஷம். அவன் எரிந்து, கோடிக் காம்பராவுக்குள் போய்ப் படுத்தான். நாதாங்கி விழுந்தது. அழகர் வெள்ளைச் சேலையோடு வாசலில் உட்கார்ந்தான். இரண்டாம் நாள் மத்தியானம் கொழுந்து நிறுக்கப் போகிற வழியில் அங்கம்மா தூரத்தில் நின்று அவனைப் பார்த்தாள். நாளைக்கு விடிந்தால் போதும் என்பது போல அவள் முகம் இருந்தது. அவள் நகர்ந்த பிறகு லயம் வெறிச்சோடிக் கிடந்தது.

அப்போது உள்ளே இருமல் கேட்டது.

அழகர் முக்காட்டை இழுத்துக்கொண்டான். இருமல் நிற்கவில்லை. இரும இரும மூச்சு இழுக்கிற சத்தம் வந்தது. ஏதோ உருண்டு விழுந்தது. இது ஒண்டிமுத்து, காட்டெருமை மாதிரி ஆள், ஒன்றும் ஆகாது என்று அழகர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நாளைக்கு விடிந்தால் போதும், கையைப் பிடித்து வைத்துக்கொள் என்றும் சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நாதாங்கியைத் தள்ளிக் கதவைத் திறந்துவிட்டான்.

ஒண்டிமுத்து கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பொட்டலம் வறுத்த கடலை. பசி தாங்காது என்று ஒளித்துக்கொண்டு போயிருந்தான், புரையேறிவிட்டது.

"ஏண்ணே தொறந்தீங்க?" என்று அவன் பரிதாபமாகக் கேட்டான். அதற்குள் ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டு கிழவிகள் திறந்த கதவைப் பார்த்து வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள்.

அன்று அழகர் கேட்காத வசவில்லை. ஒருவன் அடிக்கவே வந்தான். காமன் எழாமலே கூத்து கலைந்தது. இராமையா கங்காணி மட்டும் கோபப்படாமல் பழைய கயிற்றின் மேல் புதுக்கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

மறுநாள் காலை மலைத்தண்ணீர் விழுகிற பீலியில் அங்கம்மா தனியாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அழகர் தயங்கித் தயங்கிக் கிட்டே போனான். ஏசுவாள், அழுவாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் போனான்.

"என்னால முடியல அங்கம்மா. இருமுற சத்தம் கேட்டுச்சு. நல்லையா மாதிரி ஆயிருமோன்னு பயந்து தொறந்துட்டேன்."

அவள் ஏசவில்லை. குடம் நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் ராவெல்லாம் அதத்தான் நெனச்சேன். பயந்துதான் தொறந்திருப்பீங்க" என்றாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

"கதவு சாத்தியிருந்துச்சுல்ல மச்சான்?"

"சாத்தித்தான் இருந்துச்சு. சாத்தியிருந்தாலும் நல்லாக் கேக்கும் புள்ள. மூச்சு வாங்குறதுகூடக் கேக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. குடம் நிரம்பி வழிந்து அவள் காலடியில் ஓடிற்று. அவள் அதைக் கவனிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

"மூச்சு வாங்குறதுகூடக் கேக்குமா?"

அழகர் குனிந்து புதுக்கயிற்றின் முடிச்சைத் திருகினான்.

"அப்ப எங்க அண்ணன் கூப்புட்டதும் கேட்டிருக்கும்" என்றாள் அங்கம்மா. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "யாரோ ஒருத்தனுக்குத் தொறந்தீங்களே மச்சான்."

அவள் லயத்துப் படிகளில் ஏறிப் போனாள். அம்மாவிடம் கொஸ்லந்தை மாப்பிள்ளைக்குச் சரி என்று சொன்னது அன்று மாலைதான்.