பதினாறாம் நாள் கொடுத்த இரத்தம்

உங்கள் உடம்பில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று அறிவதற்காக, உங்கள் இரத்தத்தை இன்னொருவரின் உடம்புக்குள் அனுப்பிப் பார்ப்பீர்களா?

மாட்டேன் என்பீர்கள். பள்ளிமுனை டிலோஜனும் அப்படித்தான் சொல்லியிருப்பான். முப்பது வயது, நண்டு வலை போடுகிறவன், யாருக்கும் கெடுதல் நினையாதவன். ஆனால் செய்தான்.

நீர்கொழும்பில் நண்பன் ஒருவனின் கலியாணத்துக்குப் போன இடத்தில், அன்று சந்தித்த ஒரு பெண்ணோடு தங்கினான். இருவரும் விரும்பித்தான். ஆணுறை இல்லை. ஊருக்குத் திரும்பிய அன்றே பயம் பிடித்துக்கொண்டது. அடுத்த மாதம் அவனுக்கும் மேரிசெல்விக்கும் கோவிலில் கலியாணத்தை அறிவிக்கும் ஓலை வாசிக்கத் தொடங்குவார்கள். மூன்று ஞாயிறு வாசித்ததும் கலியாணம்.

ஆஸ்பத்திரியில் பாலியல் நோய்க் கிளினிக் இருக்கிறது, காசில்லை, பெயர் வெளியே போகாது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். இரண்டு தடவை வாசல்வரை போனான். எதிர் வாங்குப் பலகையில் ஊர்ப் பெண்கள் இருந்தார்கள். அந்தக் கதவைத் திறக்கிறவனுக்கு மாலைக்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிடும். திரும்பி வந்துவிட்டான். நம்முடைய ஒழுக்கம் செய்கிற வேலை இதுதான்: நோயைத் தடுக்காது, மருந்துக்குப் போகிறவனைத் தடுக்கும்.

அந்த இரவு கழிந்து பதினாறாம் நாள், கோவில் திருநாளுக்காக இரத்ததான முகாம் வைத்தார்கள். கொடுக்கிற இரத்தத்தை எப்படியும் சோதிப்பார்கள், ஏதாவது இருந்தால் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டான். அண்மையில் புதியவர் எவரோடும் உடலுறவு கொண்டீர்களா என்று படிவம் கேட்டது. ‘இல்லை’ என்று குறித்தான்.

“ஊசியைக் கண்டா ஓடுறவன் இண்டைக்கு முதல் கட்டிலில கிடக்கிறான்!” என்றான் கூடத் தொழில் செய்யும் அன்ரனி. “மாப்பிளைக்கு இரத்தம் கூடிப்போச்சு போல.”

“வாயை மூடடா, மிஸ் சிரிக்கிறா,” என்றான் டிலோஜன், ஊசியோடு நின்ற முகாம் தாதியைக் காட்டி.

ஒரு கிழமை யாரும் அழைக்கவில்லை. தப்பிவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கினான்.

கோவிலில் கலியாண ஆயத்த வகுப்பு நடந்தது. மேரிசெல்விக்குப் பக்கத்தில் இருந்தபடி, சுகாதாரத் தாதி சுவேதினி சொன்னதைக் கேட்டான்.

“கிருமி போன உடனே சோதனையில தெரியாது. எச்.ஐ.வி.க்குச் சில கிழமை வேணும், சில சோதனைக்கு மூண்டு மாதமும் வேணும். கிரந்தி, அதுதான் சிபிலிஸ், அதுக்கும் அப்பிடித்தான். அந்த இடைநாளில ‘இல்லை’ எண்டு வாறதை நம்பேலாது. ஆனா அந்த நாளிலயும் மற்றவைக்குத் தொத்தும். பயமெண்டா, உறவு வைச்சு மூண்டு நாளைக்குள்ள வாங்கோ, எச்.ஐ.வி.யைத் தடுக்க மருந்து இருக்கு.”

அன்றிலிருந்து, முகாமில் கொடுத்த அந்த இரத்தப் பை அவனை விடவில்லை. வலையில் நண்டு கழற்றும்போது, சோற்றில் கை வைக்கும்போது, எங்கோ ஒரு கட்டில் தெரியும். முகமில்லாத ஒருவரின் கைக்குள் அவனுடைய இரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கும். ஒருநாள் அது பிள்ளைப்பேற்றுக்கு வந்த பெண்ணாக இருந்தது. மறுநாள் அதற்கு மேரிசெல்வியின் முகம் வந்தது.

வகுப்பு முடிந்த நான்காம் நாள் சுவேதினியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான்.

“எத்தினையாம் நாள் குடுத்தனீங்கள் தம்பி?”

“பதினாறு, மிஸ். பொலிசில குடுப்பீங்களோ?”

“விசர்க்கதை கதையாதேங்கோ. இரத்தம் குடுத்த அட்டையைத் தாங்கோ.”

இரத்த வங்கிக்கு அழைத்தாள். அவன் கதிரையின் விளிம்பைப் பிடித்தபடி அவளுடைய முகத்தையே பார்த்தான்.

“சிவப்பணுப் பை குளிரில இருக்காம். நிப்பாட்டிட்டினம்,” என்றாள். பிறகு, “அந்த இரத்தத்தில பிரிச்செடுத்த மற்றப் பகுதி ஒரு ஆளுக்கு ஏத்தியாச்சு. அவரைக் கண்டுபிடிச்சுப் பாப்பினம்.”

“ஆர் மிஸ்?”

“அது உங்களுக்குச் சொல்லேலாது.”

அன்று பின்னேரமே மேரிசெல்விக்குச் சொன்னான். அவள் அழவில்லை. “என்ர கதையை விடுங்கோ. உங்கட இரத்தம் ஏறின ஆள் எப்பிடி இருக்கிறார் எண்டு கேட்டனீங்களோ?” என்றாள். ஓலை வாசிக்க வேண்டாம் என்று பங்குச் சுவாமியிடம் அவளே போய்ச் சொன்னாள்.

ஆறு கிழமையில் ஒரு சோதனை, மூன்று மாதத்தில் இன்னொன்று. இரண்டிலும் டிலோஜனுக்கு எந்த நோயும் இல்லை. ஆகவே அந்த முகமில்லாதவருக்கும் அவனால் எதுவும் வரவில்லை. காப்பாற்றியது தற்செயல் மட்டுமே. அவனுடைய நல்ல மனமும் காப்பாற்றவில்லை, ஊரின் மானமும் காப்பாற்றவில்லை. ஓலை இன்னும் வாசிக்கப்படவில்லை. கட்டில் இன்னும் கனவில் வருகிறது என்கிறான்.

இதை வாசிக்கிறவர்களில் யாரோ ஒருவர் இப்போது விரல் விட்டு நாட்களை எண்ணிக்கொண்டிருப்பார். மூன்று நாள் கடக்கவில்லையென்றால் இன்றே கிளினிக்குக்குப் போங்கள். கடந்துவிட்டாலும் போங்கள், எந்த நாளில் எந்தச் சோதனை என்று அவர்கள் சொல்வார்கள், கிரந்தியை ஊசியால் குணமாக்குவார்கள். அதுவரை யாருக்கும் இரத்தம் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்களா? இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இரத்த வங்கிக்கு அழையுங்கள்.