சிங்கவரத்துக் கூரையும் மடி நேரமும்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புரசைவாக்கத்திலிருந்து புறப்பட வேண்டிய எங்கள் பஸ், கால் மணி முன்னதாகவே புறப்பட்டுவிட்டது. ஏறவேண்டிய அத்தனை பேரும் ஐந்தரைக்கே வந்து நின்றதுதான் காரணம். வேலைத் திட்டக்காரர்கள் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் வேறு எப்படி இருப்பார்கள்? எந்த வேலைக்கு முன் எந்த வேலை, எது எதற்காகக் காத்திருக்கிறது, எல்லாம் என்றைக்கு முடியும் என்று வட்டம் போட்டு அம்புக்குறி இழுத்துச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. சங்கத்தில் என்ஜினீயர்கள் உண்டு, ஓவர்சியர்கள் உண்டு, கான்டிராக்டர்கள் உண்டு. சென்னையில் ஒரு கட்டடக் கம்பெனியில் அட்டவணை போடும் நானும் உண்டு. பெண் என்று பார்த்தால் நான் ஒருத்திதான். ஆகையால் போகிற ஊரிலெல்லாம் என்னை டீச்சர் என்று நினைத்துக்கொள்வார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் இப்போது விட்டுவிட்டேன்.

தலைக்கு ஒன்பது ரூபாய் பிரித்து அமர்த்திய பஸ் அது. டிரைவர் கன்னியப்பன் சீட்டுகளுக்குப் புதிதாகச் சிவப்பு ரெக்சின் போட்டிருந்தார். புதுப்பெண்ணை அழைத்துப்போகிறவரைப்போல நொடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

“அம்மா, சீட்டு மேல முறுக்கு கிறுக்கு வெக்காதீங்க. எண்ணெ பட்டா போவாது.”

“செஞ்சிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்?”

“பன்னெண்டு ஆவும்.”

பதினொன்றுக்கே சேர்ந்துவிட்டோம். மதுராந்தகம் ஏரியைப் பார்த்துக்கொண்டே இட்லி சாப்பிட்டோம், சீட்டில் சிந்தாமல். திண்டிவனத்தில் காபி பதினைந்து பைசா. சர்க்கரையில் கொஞ்சம் காபி கலந்த மாதிரி இருந்தது. அங்கிருந்து மேற்கே திரும்பினால் பதினேழு மைல். சாலையின் இரு பக்கமும், மல்லாட்டை என்று இந்தப் பக்கத்தில் சொல்லும் வேர்க்கடலைச் செடிகள் பச்சைப் பசேலென்று கிடந்தன. பாதி தூரம் போனதும் பாறைக் குன்றுகள் தொடங்கின. லாரி லாரியாகக் கல்லைக் கொட்டிவிட்டு எடுத்துப்போக யாரும் வராத மாதிரியான குன்றுகள்.

கடைத்தெருவின் சத்திரத்து வாசலில் செஞ்சிக் கிளையின் செயலாளர் சவரிமுத்து காத்திருந்தார். சிறு பாலங்களும் பள்ளிக்கூடங்களும் கட்டிக்கொடுக்கும் கான்டிராக்டர். நாற்பது வயது இருக்கும், குரலில் பாறை உருளும். எங்களைப் பார்த்ததும் அந்தக் குரல் கொஞ்சம் தடுமாறியது. காரணம் எனக்குத் தெரியும்.

செஞ்சிக் கிளை ஒரு வருட சோதனையில் இருந்தது. உறுப்பினர்களில் தச்சர், கொத்தனார், ஓட்டு வியாபாரி, கல்யாணச் சமையல்காரர் எல்லாரும் இருந்தார்கள். நாள் குறித்து வேலை முடிப்பவர் யாராயிருந்தாலும் வரலாம் என்பது சவரிமுத்து வைத்த விதி. சென்னையில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. சங்கமா சந்தையா என்று கேட்டார்கள். கடைசியில், ஆண்டுக் கூட்டத்தைச் செஞ்சியிலேயே நடத்துவது, அன்றைக்கு எல்லார் கண் முன்னாலும் கிளை ஒரு வேலையைத் தொடங்கி முடித்துக் காட்டுவது, முடித்தால் கிளை நிரந்தரம், இல்லாவிட்டால் கலைத்து விழுப்புரத்தோடு சேர்த்துவிடுவது என்று தீர்மானம் ஆயிற்று. சவரிமுத்து எடுத்துக்கொண்ட வேலை சிங்கவரத்துப் பள்ளிக்கூடத்தின் கூரை. ஞாயிறு காலை பழைய கீற்றைப் பிரித்து இருட்டுவதற்குள் ஓடு போட்டு முடிக்க வேண்டும். சுவரெல்லாம் மண்சுவர். மழைக்காலம் வாசலில் நின்றது.

சாயங்காலம் ராஜகிரிக் கோட்டையில் ஏறினோம். எங்கள் சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற என்ஜினீயர், கட்டை குட்டையானவர். பாதிப் படியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, இதற்கு யார் அட்டவணை போட்டிருப்பார்கள் என்று என்னைக் கேட்டார். உச்சிக்குச் சற்றுக் கீழே, பிளந்து நிற்கும் பாறைகளுக்கு நடுவே ஒரு பாலம் இருக்கிறது. அதைத் தாண்டி மேலே போய் நின்றால் சுற்றிலும் ஏரிகளும் வயல்களும். எல்லாரும் காற்று வாங்கிக்கொண்டிருக்க, சவரிமுத்து மட்டும் வடக்கே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அதோ அந்தக் குன்னு தெரியுதுங்களா, அதுதான் சிங்கவரம். ரெண்டு மைலு.”

“கிளை போனால் என்ன சவரிமுத்து? உங்களுக்குக் கான்டிராக்ட் இருக்கிறதே?” என்றேன்.

“அதுக்கில்லீங்க. போன வருசம் வரைக்கும் நானும் நம்ப தச்சர் பெருமாள் ஆசாரியும் ஒரு டீக்கடையில ஒக்கார மாட்டோம். அவுரு வேலைய நான் கெடுத்தேன்னு அவுரு, என் வேலைய அவுரு கெடுத்தாருன்னு நானு. இப்ப மாசா மாசம் ஒண்ணா ஒக்காந்து, யாருது எங்க நின்னுச்சின்னு பேசுறோம். சாரத்துக் கழிகூட மாத்தி மாத்திக் குடுத்துக்குறோம். கிளை போச்சின்னா இதெல்லாம் போயிடுங்க. பள்ளிக்கூடத்துச் செவுரும் கரைஞ்சிடுச்சின்னா, நான் அந்த ஊருக்குள்ள எப்படிங்க போவேன்?”

இரவுச் சாப்பாட்டுக்கு முன் சத்திரத்துக் கூடத்தில் எங்கள் வழக்கப்படி ‘கெட்ட வேலை’ சொல்லும் கூட்டம். ஒவ்வொருவரும் எழுந்து தாம் கெடுத்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை யாரும் சிரிக்கக் கூடாது, முடித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம். யார் குற்றம் என்று பேசக் கூடாது, எது எதற்காக நின்றது என்று மட்டும் பேச வேண்டும். அன்றைக்குப் பேர் வாங்கியவர் சமையல்காரர் மாணிக்கம்.

“முகூர்த்தத்துக்கு நேரமாயிடப் போவுதுன்னு அடுப்ப முன்னாடியே மூட்டிட்டேங்க. அண்டா இன்னும் வரல. வாடகைக்காரன்கிட்ட நான் சொன்ன நேரமே வேற. அண்டா வந்தப்ப வெறகெல்லாம் சாம்பலு. மாப்ள வீட்டுக்காரங்க பழம் சாப்பிட்டாங்க.”

சிரித்து ஓய்ந்ததும் தலைவர், “ஆக, சொல்லாமல் முந்திக்கொள்வதும் தாமதம்தான்” என்றார். ஆஹா என்று தலையாட்டினோம். காலையில் எல்லாரும் அதையும் பாயோடு சுருட்டி வைத்துவிட்டுப் போனோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சிங்கவரம் போய்ச் சேர்ந்தபோது கீற்றையெல்லாம் பிரித்துக் குவித்திருந்தார்கள். சவரிமுத்து மாதா கோயிலில் முதல் பூசை பார்த்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு வந்து, அதைக் கழற்றி ஒரு கிளையில் மாட்டினார். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையைப் புளியமரத்தில் சாய்த்து, வேலைகளை வட்டங்களாகப் போட்டு வைத்திருந்தார்கள். முடிய முடிய அடிக்கும் வேலை எனக்கு.

“டீச்சர், அந்த மொத வட்டத்த அடிச்சிடுங்க” என்றார் பெருமாள் ஆசாரி. அனந்தபுரத்துக்காரர். மரமெல்லாம் முன்பே அறுத்து இழைத்து எண் போட்டுக் கொண்டுவந்திருந்தார். உத்தரம் ஏறியது, கைமரங்கள் நின்றன, குறுக்குச் சட்டங்கள் வரிசையாக உட்கார்ந்தன. மரவேலை மூன்று மணிக்கு முடியும் என்று பலகையில் எழுதியிருந்தது. ஒன்றடிக்கும்போதே ஆசாரி கீழே இறங்கிவிட்டார். நாங்கள் கை தட்டினோம். ஊர்ப் பெண்கள்கூடத் தட்டினார்கள்.

தட்டி முடித்ததும்தான் அடுத்த வட்டத்தைப் பார்த்தேன். ஓடு.

ஓடுகள் இரண்டு மைலுக்கு அப்பால், செஞ்சியில் ஓட்டு வியாபாரி நாபிராஜ நயினாரின் கிட்டங்கியில் அடுக்கியிருந்தன. நயினார் மேல்சித்தாமூர்க்காரர், வெயிலிலும் சட்டை கசங்காதவர்.

“வண்டிங்க எங்க நயினாரே?” என்றார் சவரிமுத்து.

“நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். வண்டிக்காரங்க அதுவரைக்கும் மல்லாட்ட மூட்டை ஏத்திக்கினு போயிருக்காங்க. ஆசாரி மூணு மணின்னு சொன்னாரே.”

“பந்தோபஸ்துக்குச் சொன்னேன். ஒரு மணிக்கு ஆயிடும்னு எனக்குத் தெரியும்” என்றார் ஆசாரி.

“தெரிஞ்சா சொல்லக் கூடாதா? நான் அதுக்கு மேல ஒரு மணி நேரம் பந்தோபஸ்து வெச்சேன்.”

எங்கள் தொழிலில் இதற்கு மடி நேரம் என்று பேர். ஆகும் நேரத்தைவிடக் கூட்டிச் சொல்லி, மிச்சத்தை வேட்டி மடியில் முடிந்துகொள்வது. எல்லாரும் செய்வோம், எவரும் ஒப்புக்கொள்ள மாட்டோம். கூரையில்லாத பள்ளிக்கூடத்து முன்னால், இருபது திட்டக்காரர்கள் மடி நிறைய நேரத்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றோம். கோட்டைப் பக்கம் வானம் கறுத்திருந்தது.

ஆசாரியும் நயினாரும் குரலை உயர்த்தினார்கள். போன வருடத்துப் பழைய சண்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கின. சவரிமுத்து இருவருக்கும் நடுவில் போய் நின்றார்.

“யார் குத்தம்னு பேசக் கூடாதுன்றது நம்ப வழக்கம். இப்ப அவங்கவங்க மடியில இன்னா இருக்குது, அவுத்து வெளிய போடுங்க. பெரியவங்க சின்னவங்க இல்ல. எல்லாரும்.”

காற்று பிரித்துப்போட்ட கீற்றைப் புரட்டிக்கொண்டிருந்தது. தலைவர்தான் முதலில் முன்னால் வந்தார்.

“ஆறு மணிக்கு பஸ் கிளம்பியே ஆகணும்னு சொல்லியிருந்தேன் இல்லையா? எட்டு மணிக்குக் கிளம்பினாலும் எனக்குப் போதும். ரெண்டு மணி நேரம் என் மடியில் இருக்கு. அதோட, அதுவரைக்கும் ஒரு பஸ் இந்த மரத்தடியில் சும்மா நிக்குது.”

அதற்குப் பிறகு மளமளவென்று அவிழ்ந்தது. ஓடு போட மூன்று மணி நேரம் என்று சொல்லியிருந்த கொத்தனார், ஓட்டைக் கைக்குக் கை ஏற்றிக் கொடுத்தால் இரண்டே போதும் என்றார். கிட்டங்கிச் சாவி தன் இடுப்பிலேயே இருப்பதாக நயினார் சொன்னார். சாப்பாடு எப்போதோ ஆகிவிட்டது, இரண்டு மணிக்கென்று சொல்லிவிட்டதால் மூடி வைத்திருக்கிறேன் என்றார் மாணிக்கம். பலகையில் நேரங்களை அழித்துப் புதிதாக எழுதினேன். எழுத எழுத எனக்குத் தைரியம் வந்தது. இருட்டுவதற்கு முன் முடியும் என்று கணக்குச் சொன்னது. மழை என்ன சொல்லும் என்று யாருக்கும் தெரியாது.

கன்னியப்பன்தான் பாக்கி.

“ஓடா? எஞ் சீட்டு மேலயா?” என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“சீட்டக் கழட்டிடலாம் டிரைவரே. திருப்பி நானே மாட்டித் தரேன், ஒரு கீறல் இல்லாம” என்றார் ஆசாரி.

கன்னியப்பன் மண்சுவரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “சரி, ஆனா நான் சொல்ற மாதிரிதான் கழட்டணும்” என்றார்.

சிவப்புச் சீட்டுகள் புளியமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்தன. பிரித்த கீற்றையே பஸ் தரையில் மெத்தையாகப் பரப்பினோம். மூன்று நடையில் ஓடு அத்தனையும் வந்து சேர்ந்தது. ஆளுக்கொரு கவளம் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுச் சாலையிலிருந்து கூரைவரை வரிசை பிடித்தோம். என்ஜினீயர்கள், ஊர்ப் பெண்கள், தலைவர், அவருக்குப் பக்கத்தில் மாணிக்கம். “வேகமா குடுங்க சார், அண்டா வந்துட்டுது” என்று அவர் விரட்ட, தலைவர் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். நயினாரின் சட்டை கசங்கிச் சிவந்திருந்தது. என் புடவையும்தான்.

முகட்டு ஓடு வைக்கும்போது முதல் துளி விழுந்தது. கடைசி ஓட்டைக் கொத்தனார் கலவையில் அழுத்தி உட்காரவைத்து இறங்கியதும் மழை கொட்டத் தொடங்கியது. எல்லாரும் சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் ஓடினோம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றது மறக்காது. தலைக்கு மேல் அத்தனை தண்ணீர், காலடியில் உலர்ந்த தரை. தலைவரின் வழுக்கையில் மட்டும் ஒரு சொட்டு விழுந்தது. கொத்தனார் உள்ளிருந்தே கழியால் ஓர் ஓட்டை நகர்த்தினார். அதுவும் நின்றது.

“செஞ்சிக் கிளை நிரந்தரம். ஆட்சேபணை உள்ளவர்கள் வெளியே போய்ச் சொல்லலாம்” என்றார் தலைவர்.

கொட்டும் மழையில் யார் வெளியே போவார்கள்? ஆசாரி சவரிமுத்துவின் தோளில் கை வைத்தார். சவரிமுத்து மண்சுவரில் நெற்றியைச் சாய்த்து, மறைக்காமல் அழுதார். அட்டவணை போட்டு இத்தனை வருடத்தில் ஒரு வேலை முடிந்ததற்காக நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மழை விட்டதும் ஆசாரி சொன்னபடியே சீட்டுகளை மாட்டிக் கொடுத்தார். செஞ்சிக் கிளைக்காரர்கள் பஸ்ஸோடு கொஞ்ச தூரம் சைக்கிளில் வந்தார்கள். மின்னல் வெளிச்சத்தில் ராஜகிரி ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

சென்னையில் எங்கள் மாதக் கூட்டத்துக்குத் தலைக்கு மேல் விசிறி உண்டு, நல்ல காபி உண்டு. முடித்த வேலைகளின் அழகான படங்களைச் சுவரில் மாட்டுவோம். ஒருத்தர் மடி முடிச்சையும் இன்னொருத்தர் பார்த்ததில்லை. அதை யோசித்துக்கொண்டே இருந்தபோது, திண்டிவனத்தைத் தாண்டியதும், பின்னாலிருந்து தலைவர் தூக்கக் கலக்கத்தில் கேட்டார்.

“கன்னியப்பா, மெட்ராஸ் எத்தனை மணிக்கு?”

“பன்னெண்டரை ஆவும் சார்.”

பஸ் கொஞ்ச தூரம் ஓடியது. கன்னியப்பன் கண்ணாடியில் எங்களை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

“பன்னெண்டுக்கே பூடலாம் சார். அர மணி மடியில வெச்சிருந்தேன்.”