மஞ்சள் கோடு நேராக இருக்கிறது

புறப்படும் இடத்திலேயே கோபம் தொடங்கிவிட்டது. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பொறியியல் கல்லூரியின் விளம்பரத் தட்டி நிற்கிறது. வேலை கிடைத்த மாணவர்களின் முகங்கள், வரிசை வரிசையாக. மூன்றாவது வரிசையில் என் அக்கா மகள் எஸ்தர். கழுத்தில் இரவல் டை, வெயிலில் வெளுத்த சிரிப்பு, கீழே அவள் சேர்ந்த தொழிற்சாலையின் பெயர். படம் மாட்டி மூன்று ஆண்டாகிறது. மூன்று ஆண்டாக அவள் அங்கே டிரெய்னி. முடிவே இல்லாத பயிற்சி. அதைத் தட்டியில் போட இடமில்லை போலிருக்கிறது.

இரண்டு வேலைகளைத் தலையில் சுமந்துகொண்டு கிளம்பினேன். சிறுவர் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர், பொறியாளர்களின் வாழ்க்கையைப் பற்றிச் சுவையான தகவல்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார். "கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும் சார், உங்க கவிதைச் சோகம் வேண்டாம்." இரண்டாவது வேலை அக்கா தந்தது. எஸ்தர் போன வாரம் கம்பெனியில் ஏதோ ஒரு கயிற்றை இழுத்து வேலையை நிறுத்திவிட்டாளாம். இன்று பிற்பகல் ஷிப்ட் தொடங்கும்போது எல்லார் முன்னாலும் 'தவறு என்னுடையது' என்று சொன்னால் வேலை நிரந்தரம். சொல்லாவிட்டால் வாசல்.

"நீ போயி நாலு வார்த்தை சொல்லு. மன்னிப்புக் கேட்டா வாய் தேஞ்சா போயிரும்?" என்றாள் அக்கா.

காலை ஆறரைக்குச் செங்கல்பட்டில் இறங்கினேன். அங்கிருந்து மின்சார ரயிலில் சிங்கப்பெருமாள்கோவில், பிறகு ஷேர் ஆட்டோ. ஒரகடம் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம், நாற்பது ரூபாய். நான் ஓட்டுநருக்குப் பக்கத்தில் பாதி உடம்பை வெளியே விட்டபடி உட்கார்ந்தேன்.

"எந்தக் கம்பெனி சார்?"

"கம்பெனி இல்லப்பா. அக்கா மகளைப் பாக்கப் போறேன். இன்ஜினியரா இருக்கா."

"நானும் டிப்ளமா மெக்கானிக்கல்தான் சார். கியர் பாடத்துல அரியர் வெச்சேன். இப்ப பாரு, நாள்பூரா கியரத்தான் மாத்திகினு கீறேன்."

பின்னால் நீலச் சட்டைக்காரர் ஒருவர் தூக்கக் கலக்கத்தில் கேட்டார். "அந்த அரியர க்ளியர் பண்ணிட்டியாண்ணே?"

"இந்த மேட்ட ஏறட்டும், சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் விசாரித்துப் பார்த்தால் அந்த ஆட்டோவில் என்னைத் தவிர அத்தனை பேரும் ஏதோ ஒரு பொறியியல் படித்தவர்கள். ஒருவர் கேண்டீனில் கணக்கு எழுதுகிறார்.

இந்தச் சாலைக்கு ஊர்களைவிட கேட்டுகள் அதிகம். "கேட் ரெண்டுல நிறுத்து", "மூணாம் கேட்டு எறக்கம்" என்றுதான் மனிதர்கள் இறங்குகிறார்கள். சுவர், சுவருக்குள் வெட்டிச் சீராக்கிய புல், புல்லுக்குள் மூன்று கொடிகள். சுவருக்கு வெளியே வெள்ளைப் பேருந்துகள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு கேட்டிலும் ஒரு பலகை: விபத்தில்லா நாட்கள். அதில் எண் தகடுகளைத் தினமும் ஒருவர் மாற்றி மாட்டுகிறார். இது சுவையான தகவல்தானே, குறித்துக்கொண்டேன்.

ஒரகடம் மேம்பாலத்தில் ஆட்டோ தடக் தடக் என்று குதித்தது. பாலம் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அதற்காகத்தான் நடுநடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள். கான்கிரீட்டுக்கு மூச்சு விட இடம் ஒதுக்கிய படிப்பு அது. அதைப் படித்தவர்களுக்கு ஓர் அறையில் மூன்று பாய்.

எஸ்தரின் அந்த அறை பென்னலூரில் இருக்கிறது. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் பேருந்து, அங்கிருந்து சென்னைச் சாலையில் இன்னும் கொஞ்ச தூரம். மாடியில் தீப்பெட்டிகளை அடுக்கியது போல வாடகை அறைகள். எஸ்தர் கதவைத் திறந்தாள். தட்டியில் இருக்கும் முகம்தான், கன்னம் மட்டும் இல்லை.

"வாங்க மாமா. ரயில்ல தூங்குனீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்தாள். எனக்குத் தராமல் கவிழ்த்து, நான்கு கால்களையும் அழுத்திப் பார்த்து, பிறகு நிமிர்த்தி வைத்தாள். "இப்ப உக்காருங்க."

அறைத்தோழி முத்துமாரி சாத்தூர்ப் பக்கம். அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். "எங்க போனாலும் இதே சோலிதான் அங்கிள். போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். எல்லாரும் மாப்பிள்ளையப் பாக்காக, இவ மேடைக்கு அடியில குனிஞ்சு பாக்கா."

"மேடை ஆடுச்சுல்லாட்டி."

"மாப்பிள்ளையுந்தான் ஆடுனான். அத விட்டுட்டா."

உப்புமா வந்தது. தட்டு மடியில், தண்ணீர்ச் செம்பு தரையில். நான் தகவல்கள் கேட்டேன். எஸ்தர் உற்சாகமாகவே சொன்னாள். தகடு வளைக்கும் பெரிய பிரஸ் இருக்கிறதே, அதற்கு இரண்டு பொத்தான்கள், எட்ட எட்ட. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் அதன் வாய்க்குள் இருக்க முடியாது.

"எவ்வளவு அழகான யோசனை" என்றேன்.

"அழகுதான் மாமா. அவசரம்னா ஒரு பொத்தான டேப் போட்டு ஒட்டிருவாவ. ஒரு கை மிச்சம்லா."

"அப்ப அந்த விபத்தில்லா நாட்கள் பலகை?"

"விபத்து நடந்தா நம்பரச் சைபரா மாத்த மாட்டாவ. விபத்தோட பேர மாத்திருவாவ. நகம் போனா முதலுதவி. விரல் போனா பெரிய முதலுதவி."

உப்புமாத் தட்டைத் தரையில் வைத்தேன்.

பிறகு அந்தக் கயிற்றைப் பற்றிச் சொன்னாள். அவள் வேலை செய்யும் இடத்தில் பள்ளிக்கூட வண்டிகளுக்கான இருக்கைகள் செய்கிறார்கள். ஒவ்வோர் இருக்கையின் காலிலும் போல்ட். கடைசியாக டார்க் ரெஞ்ச் என்ற நீண்ட கருவியால் அதை இறுக்க வேண்டும். போதிய இறுக்கம் வந்ததும் கருவி 'டிக்' என்று சொல்லும். டிக் கேட்ட பிறகு, கேட்ட பிறகு மட்டும், பெயிண்ட் பேனாவால் போல்ட்டின் தலையிலிருந்து அடித்தகடு வரை ஒரு மஞ்சள் கோடு. பின்னாளில் போல்ட் தளர்ந்து திரும்பினால் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுக்கும். குனிந்து பார்க்கிற யாருக்கும் புரியும், எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும். மனிதர் கண்டுபிடித்ததில் இவ்வளவு சிக்கனமான, இவ்வளவு நேர்மையான ஒரு வரி இருக்கிறதா? நான் இத்தனை வருடம் எழுதியதில் இல்லை.

போன வாரம் எஸ்தர் அந்த இடத்தைக் கடந்தபோது ரெஞ்ச் மாட்டும் கொக்கி காலியாக இருந்தது. கருவி சரிபார்ப்புக்குப் போயிருந்தது. ஆனால் லைன் ஓடிக்கொண்டிருந்தது. இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு போல்ட்டிலும் ஈரமான மஞ்சள் கோடு, பளிச்சென்று, நேராக.

"பெயிண்ட் போடுத பிள்ளைட்ட கேட்டேன். ரெஞ்ச் இல்லாம எப்பிடிக் கோடு போடுதன்னு. அவ முழிக்கா. 'அக்கா, பேனாவுல பெயிண்ட் இருக்குல்லக்கா'ங்கா."

காலப்போக்கில் கோடுதான் வேலை என்றாகிவிட்டது. இறுக்கம் மறந்துபோய்விட்டது. பேனா தீர்ந்திருந்தால் ஒருவேளை லைனை நிறுத்தியிருப்பார்கள்.

எஸ்தர் தலைக்கு மேல் ஓடிய சிவப்புக் கயிற்றை இழுத்தாள். இதிலும் ஒரு சுவையான தகவல்: கயிற்றை இழுத்தால் மணி அடிக்காது, பாட்டு பாடும். குழந்தைகளின் பொம்மையில் வரும் மெட்டு. யார் எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று கொட்டகை முழுக்கத் தெரிவதற்காக. அந்தப் பொம்மை மெட்டுக்கு நடுவே மேனேஜர் ஓடிவந்து கத்தியிருக்கிறார். முன்பே லாரியில் ஏற்றிய இருக்கைகளை இறக்கிச் சோதிக்க வேண்டும் என்று இவள் சொல்லியும் லாரி கிளம்பிப் போய்விட்டது. கோடு இருக்கிறதே, பிறகென்ன சோதனை என்றாராம் அவர்.

போன் அடித்தது. அக்கா. எஸ்தர் ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைத்தாள்.

"மாமா சொன்னானா?"

"சொல்லிக்கிட்டு இருக்காவம்மா."

"கேட்டியா? ஜெபம் பண்ணிட்டுப் போ. பெரியவங்ககிட்ட தாழ்ந்து போறதுல ஒரு குறையும் இல்ல. சபையில எல்லார்கிட்டயும் பெர்மனென்ட்னு சொல்லியாச்சு பாத்துக்க."

போன் அடங்கியது. நானும் முயன்றேன். எனக்குக் கொடுத்த வேலை அல்லவா. "ஒரு வார்த்தைதானே எஸ்தர்."

"எந்த வார்த்தை மாமா? காலியா இருந்த கொக்கியில ரெஞ்ச் தொங்குச்சுன்னு சொல்லணும். அத உங்களால எழுத முடியுமா? கவிதையிலயாவது?"

நான் தட்டைக் கழுவ எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. கோபத்தைக் காட்ட அந்தக் குழாய்தான் கிடைத்தது. ஓங்கித் திருகினேன். "மெதுவா மாமா" என்றாள் அறைக்குள்ளிருந்து. "அதுக்கு வாஷர் தேஞ்சிருக்கு."

பகல் ஒரு மணிக்குக் கம்பெனிப் பேருந்து வந்தது. சாம்பல் சட்டை, கருப்பு பூட்ஸ், கழுத்தில் அட்டை. எல்லோரும் ஏறிய பிறகு ஏறினாள். ஜன்னலில் கையசைக்கவில்லை. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்ததா என்பதும் தெரியவில்லை.

நான் ஸ்ரீபெரும்புதூருக்குப் போனேன். கோயில் நடை சாத்தியிருந்தது. கடைத்தெரு முழுக்கப் பாதுகாப்பு பூட்ஸ்கள் பழம்போலக் கொத்தாகத் தொங்குகின்றன. பக்கத்திலேயே பாய், வாளி, மூன்று பேருக்குச் சமைக்கும் குக்கர். தெற்கிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒரு வாழ்க்கையைத் தொடங்கத் தேவையான எல்லாம் ஒரே கடையில் கிடைக்கின்றன. தேநீர் பதினைந்து ரூபாய். இரண்டு குடித்தேன்.

மூன்று மணிக்கு முன்பே அழைத்தாள்.

"மாமா, கேட்டுக்கு வெளிய நிக்கேன். ஷிப்ட் முடியாம பஸ் கிடையாதாம். வாரீங்களா?"

மறுபடி ஒரகடம் பக்கம். ஆட்டோவில் தனியாகப் போனதால் கேட்ட கூலியைக் கொடுத்தேன். அவள் சுவரோரம் நின்றிருந்தாள். பூட்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். காலில் யாரோ கொடுத்த ரப்பர் செருப்பு, ஒரு சைஸ் பெரியது. கழுத்தில் அட்டை இல்லை. தலைக்கு மேலே விபத்தில்லா நாட்கள்.

"என்னட்டி நடந்துச்சு?"

"எப்பவும் போல வரிசையா நின்னு, கைய நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி எடுத்தோம். 'பாதுகாப்பற்ற செயலைக் கண்டால் நிறுத்துவேன்'னு. கைய எறக்கல, அதுக்குள்ள மேனேஜர், 'எஸ்தர், சொல்லுங்க'ன்னாரு."

"ம்."

"கொக்கி காலியாத்தான் இருந்துச்சுன்னேன். லாரில போன சீட்டு எல்லாம் திரும்பி வரணும்னேன். அவ்வளவுதான்."

"யாரும் ஒண்ணும் பேசலையா?"

"பெயிண்ட் போடுத பிள்ளை தலையக் குனிஞ்சிட்டா. அவளக் குத்தம் சொல்லாதீங்க. அவளும் டிரெய்னிதான்."

அப்போது உள்ளே அந்த மெட்டு கேட்டது. பொம்மைப் பாட்டு. எஸ்தர் சட்டென்று திரும்பினாள். அவள் முகத்தில் நான் பார்த்ததை எந்தத் தட்டியிலும் ஒட்ட முடியாது. யாரோ கயிற்றை இழுத்துவிட்டார்கள் என்று நானும் நினைத்தேன். கேட் திறந்தது. இருக்கைகளை ஏற்றிய லாரி ஒன்று பின்புறமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. லாரி பின்னால் நகரும்போது பாடுவதும் அதே மெட்டுதான். காவலாளி "வா வா வா வா" என்று கையசைத்தார். லாரி திரும்பி, சாலையில் ஏறி, போய்விட்டது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதினால் சிறுவர் பத்திரிகையில் போட மாட்டார்கள். காவலாளி அமைதியாகக் கேட்டுக்கொண்டு, "பெரியவரே, வெயில்ல நிக்காதீங்க. பாப்பாவ கூட்டிகினு வூட்டுக்குப் போங்க" என்றார். அவர் சட்டைப் பையில் ஏதோ ஒரு பொறியியல் கல்லூரியின் பெயர் பொறித்த பேனா.

ஸ்ரீபெரும்புதூர் போகும் தனியார் பேருந்து ஒன்றில் ஏறினோம். என் ரயில் இரவில். "என்கூட ஊருக்கு வாட்டி" என்றேன். "நாளைக்கு இருங்காட்டுக்கோட்டையில ஒரு இன்டர்வியூ இருக்குன்னு முத்துமாரி சொன்னா. பூட்ஸ்தான் வாங்கணும்" என்றாள். அக்காவிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும். ஊரில் அந்தத் தட்டி இன்றும் சிரித்துக்கொண்டிருக்கும். நாளைக்கு அதைக் கடந்துதான் நான் வீட்டுக்கு நடக்க வேண்டும்.

உட்காரும் முன் வழக்கம்போல எஸ்தர் குனிந்தாள். நானும் குனிந்தேன். தூசி, வேர்க்கடலைத் தோல், யாரோ விட்டுப்போன பயணச்சீட்டு. இருக்கையின் காலில் போல்ட். அதன் தலையிலிருந்து அடித்தகடு வரை ஒரு மஞ்சள் கோடு, எங்கும் உடையாமல்.

"உங்க கம்பெனி சீட்டா?"

"இல்ல மாமா. வேற யாரோ."

"கோடு நேராத்தான இருக்கு?"

"நேரா இருக்கு."

"அப்ப நல்லா இறுக்கியிருக்காங்கதானே?"

அவள் அந்தக் கோட்டின் மேல் நகத்தை ஓட்டினாள். "கோடு நேரா இருக்கு மாமா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

மேம்பாலத்தில் பேருந்து தடக்கென்று குதித்தது. முன்னிருக்கையின் கம்பியை நான் பிடித்துக்கொண்டேன். எஸ்தர் எதையும் பிடிக்கவில்லை. அந்தப் பெரிய ரப்பர் செருப்பால் போல்ட்டின் தலையை அழுத்தி மிதித்தபடி, ஸ்ரீபெரும்புதூர் வரும்வரை காலை எடுக்கவே இல்லை.