கன்னத்தில் மாங்காய்ப்பால்

அக்கா மகளை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து முடிக்க எனக்கு ஒரு மாங்காய்ப் பருவம் முழுவதும் பிடித்தது. வார நாள்களில் ரேணிகுண்டா பக்கம் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கிறேன். ஞாயிறு காலையில் பஸ் ஏறி, பங்காருபாளையத்தில் இருக்கும் அக்காவின் தோப்புக்குப் போய்விடுவேன்.

எட்டு வயதுப் பெண் ஓர் இடத்தில் உட்காரமாட்டாள். அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டேன். முதலில் மரநிழல், பிறகு பாவாடை, பிறகு கைகள், கடைசியில் முகம். மடி நிறைய பெங்களூரா மாங்காய்கள், நகத்தில் மண், சீப்புக்கு அடங்காத முன்முடி. கண்ணில் பட்டதை மட்டும் வரைந்தேன்.

இடது கன்னத்தின் கருத்த தழும்பையும் விடவில்லை. பருவத் தொடக்கத்தில் அவள் தாழ்ந்த கிளையில் ஏறி ஒரு காயைத் திருகியிருக்கிறாள். காம்பிலிருந்து பால் பீய்ச்சியடித்துக் கன்னம் வெந்துவிட்டது. அக்கா அப்போது கீழே காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

திருப்பதியில் ஒரு கண்காட்சிக்குப் படம் தேர்வானது. அதைச் சொல்லத்தான் அக்காவைப் படத்தின் முன் நிறுத்தினேன். அவள் கண் நேராகத் தழும்புக்குப் போனது. அவள் மாமியார் வீட்டார் இருப்பது திருப்பதியில். பெற்றவள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று கேட்பார்கள் என்றாள். ஸ்டுடியோக்காரர்கூட போட்டோவில் இதையெல்லாம் எடுத்துவிடுகிறார், உனக்கு என்ன வந்தது என்றாள்.

அழிக்கச் சில நிமிடங்கள் போதும், ஆனால் எனக்கு மனம் வரவில்லை என்றேன். அவள் சம்மதம் இல்லாமல் படம் தோப்பைத் தாண்டாது என்றும் சொன்னேன்.

"சித்தி, பல்லு வுழுந்த எடத்தப் போட்டியா?" என்று நடுவில் நுழைந்தாள் மகள்.

"போட்டுட்டேன்."

"அப்ப சரி," என்று ஓடிவிட்டாள்.

அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலைத் தூக்கித் தழும்பை மறைத்துப் பார்த்தாள். விரலை எடுத்தாள். மறுபடியும் மறைத்தாள்.

"மறைச்சா யார் ஊட்டுப் பொண்ணோ மாரி கீதுடி," என்றாள். விரலை இறக்கிவிட்டு, "இருக்கட்டும் வுடு. எடுத்துக்கினு போ."

கண்காட்சியின் முதல் நாளே அக்காவின் மாமியார் வீட்டார் வந்துவிட்டார்கள். நாத்தனார் படத்தை நெருங்கிப் பார்த்து, கன்னத்தில் அது என்ன என்று கேட்டாள். நான் பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்தேன்.

"மாங்காப் பாலு," என்றாள் அக்கா. "எம்பொண்ணு அவளே மரமேறிப் பறிச்சா. ஒரு சொட்டு அழுவல."

அழுதாள் என்பது எனக்குத் தெரியும். நாத்தனார் மறுபடி படத்தைப் பார்த்து, மூக்கு அப்படியே தன் தம்பியின் மூக்கு என்றாள்.

அதன்பின் அக்கா படத்தைவிட்டு நகரவே இல்லை. நின்று பார்த்தவர்களுக்கெல்லாம், தெலுங்குக்காரர்களுக்குத் தெலுங்கிலும் நம்மவர்களுக்குத் தமிழிலும், கேட்காமலே கதையைச் சொன்னாள். வரைந்தது யார் என்று கேட்டவர்களுக்கு என்னைக் கை காட்டிவிட்டு, கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் மரம் கொஞ்சம் உயர்ந்துகொண்டே போனது.