அண்ணன் கழற்றிய ஒயர்

வீட்டு ஒயரிங்கில் என் அண்ணனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சுவிட்சை அணைத்தால் மட்டும் அவனுக்குப் போதாது. ஒயரையும் கழற்றி ஒதுக்கிய பிறகுதான் கை வைப்பான். பயந்தாங்கொள்ளி என்று அவனை எத்தனையோ முறை சீண்டியிருக்கிறேன்.

விமானம் ஓட்டக் கற்றுத்தரும் கிளப் ஒன்றில் என் கணவர் மெக்கானிக். மச்சான் சும்மா இருக்கிறாரே என்று ஷெட் விளக்குகளைப் பார்த்துக்கொள்ள அவனை அங்கே சேர்த்துவிட்டார். ஆள் பற்றாக்குறை. ஒருநாள், அப்போதுதான் இறங்கிய சின்ன விமானத்தில் மீட்டர் விளக்கு எரியவில்லை என்று அவனையே உள்ளே ஏற்றினார்கள். வெளியே என் கணவர் இன்ஜினைச் சோதிக்க, மூக்கில் இருக்கும் விசிறியை, புரொப்பெல்லரைக் கையால் சுற்ற வந்தார். இன்ஜின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று கேட்டார். அணைந்துதான் இருந்தது. ஆனால் மாப்பிள்ளை கை வைக்கப்போகிறாரே என்று அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. சுவிட்சுக்குப் பின்னால் இருந்த ஒயரையும் கழற்றிவிட்டான்.

வீட்டில் ஒயர் போனால் கரண்ட் போச்சு. விமானத்தில் அப்படியே தலைகீழ். அங்கே மேக்னட்டோ என்று ஒன்று, சுற்றினாலே தானாக மின்சாரம் உண்டாக்கும், பேட்டரிகூட வேண்டாம். சுவிட்சை அணைத்தால் அந்த மின்சாரம் ஒயர் வழியாக இன்ஜின் உடம்பில் இறங்கிவிடும், பொறி வராது. ஒயரே இல்லையென்றால் எந்த சுவிட்சாலும் அதை அணைக்க முடியாது. இதெல்லாம் பிறகு எனக்குச் சொன்னார்கள். சொல்லி என்ன பயன்? என் கணவர் புரொப்பெல்லரைச் சுற்றியதும் சூடான இன்ஜின் ஒரே ஒரு தடவை உதறியது. அவருடைய வலது கை முழங்கையோடு போய்விட்டது.

அதிர்வில் ஒயர் கழன்றிருக்கும் என்று விசாரிக்க வந்தவர்கள் நினைத்தார்கள். அண்ணன் வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பியிருப்பான். அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

"மாப்ள, ஒயரை நான்தான் கழட்டினேன். உங்களுக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னுதான்."

"தெரியும் மச்சான். விடுங்க."

அவர் அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அந்தப் பெரிய மனசு இல்லை. வேண்டுமென்றே செய்திருந்தால் வாய்விட்டுச் சபித்திருப்பேன். அதற்கும் வழியில்லை.

அண்ணன் வேலையை விட்டான். தினமும் காலையில் வந்து அவருக்கு முகம் மழித்து, சட்டைப் பொத்தான் போட்டுவிடுவான். என்னோடு பேசமாட்டான், நானும் பேசவில்லை.

போன மாதம் சமையலறை விளக்கு எரியவில்லை. விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஸ்குரூ டிரைவரை எடுத்து, நாற்காலி போட்டு ஏறினான்.

"நீ தொடாதே. வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன்" என்றேன்.

இறங்கி, நாற்காலியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வரவில்லை. கூட்டிவர ஆள் அனுப்பினேன், வரவில்லை. என் கணவர் திறந்த சட்டையோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நான் பொத்தான் போடப் போனால், மச்சான் வரட்டும் என்கிறார்.